எதிர்த்தரப்பு வக்கீல் தரக்குறைவாகப் பேசினால்: பார் கவுன்சில் புகாருக்கு ஒரு வழிகாட்டி

எதிர்த்தரப்பு வக்கீல் உங்களுக்குப் பிடித்த எதையும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்வது பொய் என்பார், கையெழுத்து உங்களுடையதல்ல என்பார், கடனை மறைக்கிறீர்கள் என்பார். அதற்குத்தான் அவருடைய கட்சிக்காரர் பணம் கொடுத்திருக்கிறார். ஆகவே "என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார்" என்று மட்டும் எழுதி அனுப்பும் புகார், வக்கீல்களைப் பதிவு செய்து அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அமைப்பான பார் கவுன்சிலில் முதல் சுற்றைக்கூடத் தாண்டாது. நிற்கும் புகார் வேறு வகை. எந்தச் சொல், எந்த இடத்தில், எந்த விதியை மீறியது என்று மூன்றையும் சேர்த்துக் காட்டுவது அது. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும், அப்படியொரு புகாரைத் தயார் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில்: இது புகாருக்குரிய பேச்சுதானா?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961-ன் 35-ஆம் பிரிவு "தொழில்சார் நடத்தைக்கேடு அல்லது வேறு நடத்தைக்கேடு" என்று சொல்கிறதே தவிர, அது என்ன என்று வரையறுக்கவில்லை. அளவுகோல் இந்திய பார் கவுன்சில் விதிகளில், ஆறாம் பாகம் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்பில் நிற்கும் ஒருவருக்குப் பயன்படக்கூடியவை மூன்றே விதிகள்.

விதி 4 முதன்மையானது. வக்கீல் தன் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாகத் தன்னைக் கருதக் கூடாது. கடிதப் போக்குவரத்தில் நிதானமான மொழியைக் கையாள வேண்டும். மனுக்களில் இழிவான தாக்குதல்களையும், வாதத்தின்போது வரம்பு மீறிய பேச்சையும் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. "எமது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்படி" என்று நோட்டீஸின் தலையில் எழுதிவிட்டால் கீழே எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நினைப்பு சில அலுவலகங்களில் இருக்கிறது. இந்த விதி அதற்கு இடம் தரவில்லை.

விதி 34: ஒரு தரப்புக்கு வக்கீல் இருக்கும்போது, வழக்கு விஷயமாக அந்தத் தரப்பிடம் நேரடியாகப் பேசவோ பேரம் பேசவோ கூடாது, அவருடைய வக்கீல் மூலமாகவே பேச வேண்டும். நீதிமன்ற வராந்தாவில் உங்களை மடக்கி "ஒழுங்கா கையெழுத்துப் போட்டுட்டுப் போ, இல்லேன்னா வருஷக்கணக்குல அலைய விடுவேன்" என்று சொன்னால், சொன்ன விதம் ஒருபுறம் இருக்க, சொன்னதே மீறல். இது பலருக்குத் தெரிவதில்லை. கெட்ட வார்த்தை இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நிரூபிக்க எளிதான மீறல் இதுதான். வக்காலத்து தாக்கலான தேதி ஆவணத்தில் இருக்கும். பேசிய தேதி அதற்குப் பிந்தியது என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. நீங்களே நேரில் வழக்கை நடத்துபவராக இருந்தால் மட்டும் இந்த விதி உதவாது. உங்களிடம்தானே அவர் பேசியாக வேண்டும்.

விதி 35, எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நியாயமான வாக்குறுதியை, அது எழுத்தில் இல்லாவிட்டாலும், காப்பாற்ற முயல வேண்டும் என்கிறது. பேச்சு தொடர்பான புகார்களில் இது அபூர்வமாகவே பயன்படும்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் விதி 15 நிற்கிறது. பிறருக்கோ தனக்கோ வரும் விரும்பத்தகாத விளைவைப் பொருட்படுத்தாமல், நியாயமான, கண்ணியமான வழிகளில் கட்சிக்காரரின் நலனை அஞ்சாமல் காப்பது வக்கீலின் கடமை. உங்கள் புகாருக்கு அவர் தரும் பதில் பெரும்பாலும் இந்த விதியைச் சுற்றியே இருக்கும். அதனால் ஒரு கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள்: அவர் சொன்னதற்கும் வழக்கில் தீர்மானிக்க வேண்டிய விஷயத்துக்கும் தொடர்பு உண்டா? ஜீவனாம்ச வழக்கில் மனைவி வேறொருவருடன் வாழ்கிறார் என்று கணவன் தரப்பு சொன்னால், எவ்வளவு வலித்தாலும் அது வழக்கின் பகுதி. அப்படி வாழ்ந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவே சொல்கிறது. அதே வாக்கியம் வாடகைப் பாக்கி நோட்டீஸில் வந்தால்? அங்கே அதற்கு என்ன வேலை? புகாரின் பலம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

நீங்கள் அவருடைய கட்சிக்காரர் அல்ல என்ற தடை

2025 செப்டம்பரில், மகாராஷ்டிரா–கோவா பார் கவுன்சில் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. தொழில்சார் நடத்தைக்கேட்டுக்காக நடவடிக்கை எடுக்க, புகார் தருபவருக்கும் வக்கீலுக்கும் இடையே சட்டபூர்வமான உறவு இருப்பது பொதுவாக முன்நிபந்தனை. எதிர்த்தரப்பு வக்கீல்மீது வந்த புகாரை யோசிக்காமல் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பியதற்காக அந்த பார் கவுன்சிலுக்கே 50,000 ரூபாய் செலவுத்தொகை விதிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டுக் கைவிட வேண்டியதில்லை. "பொதுவாக" என்ற சொல் அங்கே சும்மா இல்லை. விதி 34-ம் 35-ம் எதிர்த்தரப்புக்கென்றே எழுதப்பட்ட கடமைகள். 35-ஆம் பிரிவில் "வேறு நடத்தைக்கேடு" என்ற சொற்களும் இருக்கின்றன. ஆனால் இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, நீங்கள் யார், எந்தக் கடமை உங்களுக்கு நேராகப் பட்டது என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். "வழக்கறிஞர் தொழிலுக்கே இழுக்கு" போன்ற பொதுவான வரிகளால் இனி ஒரு பயனும் இல்லை. அவர் வரைந்த மனுவில் உண்மைக்குப் புறம்பானது இருக்கிறது என்பதும் தனியாக நிற்காது. உண்மைக்குச் சத்தியம் செய்தவர் அவருடைய கட்சிக்காரர்.

பேச்சு நடந்த அன்றே செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, சொன்ன சொற்களைச் சொன்னபடியே எழுதி வைப்பது. "ஆபாசமாகத் திட்டினார்" என்று எழுதாதீர்கள். கூசினாலும் அந்த வார்த்தையையே எழுதுங்கள். நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், நீங்கள் அதற்கு முன் என்ன சொன்னீர்கள் என்பதும் வேண்டும். நீங்கள் பேசியதை மறைத்தால் அவருடைய பதிலில் அது வெளியே வரும். அப்போது மற்றவையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அடுத்தது, பேச்சு நடந்த இடத்தைப் பொறுத்தது.

*குறுக்கு விசாரணையில்.* சிவில் வழக்கில் சாட்சியம் பெரும்பாலும் கதைப்போக்கில்தான் பதிவாகும். கேள்வி மறைந்து பதில் மட்டும் மிஞ்சும். அவமானகரமான கேள்வி வரும்போதே உங்கள் வக்கீல் எழுந்து, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 18 விதி 10-ன்படி அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பிறகு அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்கே ஆதாரம் இராது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 154, 155 பிரிவுகளின்கீழ் ஆபாசமான கேள்விகளையும், அவமதிக்கும் நோக்கமுள்ள கேள்விகளையும் நீதிபதி தடுக்கலாம். 153-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: நியாயமான அடிப்படை இல்லாமல் நடத்தையைக் களங்கப்படுத்தும் கேள்வியைக் கேட்ட வக்கீலைப் பற்றி, அவர்மீது அதிகாரமுள்ள அமைப்புக்கு நீதிமன்றமே தெரிவிக்கலாம். நீதிபதியின் குறிப்பு ஒன்று இருந்தால் அது உங்களுடைய பத்துப் பக்கப் புகாருக்குச் சமம்.

நீதிமன்ற அறைக்குள் அனுமதியில்லாமல் செல்போனில் பதிவு செய்யாதீர்கள். புகார்தாரராகப் போக வேண்டிய நீங்கள் அவமதிப்பு நடவடிக்கையில் போய் நிற்க நேரிடும்.

*வக்கீல் நோட்டீஸில்.* இதுதான் மிகச் சுத்தமான ஆதாரம். அவர் பெயர், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் அவருடைய தாளிலேயே இருக்கும். கூடவே தபால் உறையையும் வைத்திருங்கள். முத்திரைத் தேதியும் அனுப்பியவர் முகவரியும் அதில்தான் உண்டு. கோபத்தில் நோட்டீஸின்மேல் பேனாவால் கோடு போடுவது, ஓரத்தில் பதில் எழுதுவது எல்லாம் வேண்டாம்.

*பிராதிலோ எதிருரையிலோ மனுவிலோ.* இங்கே பார் கவுன்சிலுக்கு ஓடுவதற்கு முன் அதே நீதிமன்றத்தில் ஒரு வழி உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 6 விதி 16-ன்படி, தேவையற்ற, அவதூறான பகுதிகளை நீக்கக் கோரலாம். நீதிமன்றம் அதை அவதூறானது என்று சொல்லி நீக்கினால், அந்த உத்தரவின் சான்றிட்ட நகல் உங்கள் புகாரின் முதல் இணைப்பு. மறுத்தால், புகார் கொடுக்கலாமா என்று மறுபடி யோசிக்க அதுவே நல்ல சந்தர்ப்பம்.

*காவல் நிலையத்தில்.* குடும்பத் தகராறு, பணத் தகராறு விசாரணைகளில் இருதரப்பு வக்கீல்களும் வந்து நிற்பது சகஜம். வாய் நீளுவதும் அங்கேதான். காவல் நிலையங்களின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி நிலைய அதிகாரிக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் உடனே எழுத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீதிமன்ற வளாகக் கேமராக்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். அங்கே நாள் கடத்தவே கூடாது.

*சமரச மையத்தில்.* அங்கே பேசியவை ரகசியம். ஒலிப்பதிவுக்கும் தடை உண்டு. நடுவரிடம் அந்த அமர்விலேயே சொல்லி நிறுத்துவதுதான் நடைமுறையில் வழி.

*போனிலும் வாட்ஸ்அப்பிலும்.* ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்ட காகிதம் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்கு சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் அ, ஆ என்று இரண்டு பகுதிகள். ஒன்றில் கருவியை வைத்திருப்பவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணெழுத்துக் குறியீடு) குறிப்பிட வேண்டும். செய்தியை வேறு போனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவதும், உரையாடலில் தனக்குச் சாதகமில்லாத பகுதியை வெட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். முழு உரையாடலையும் கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது

மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கறிஞர் சங்கத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. புகார் எந்த மாநில பார் கவுன்சிலின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். பேச்சு மதுரையில் நடந்திருந்தாலும் அவர் கேரளத்தில் பதிவு செய்தவரென்றால் கேரள பார் கவுன்சில்தான். பதிவு எண்ணும் ஆண்டும் வக்காலத்தில் இருக்கும். நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

வக்காலத்தில் நான்கு பெயர் இருக்கிறது என்பதற்காக நால்வர்மீதும் புகார் கொடுக்க வேண்டாம். பேசியவர், கையெழுத்திட்டவர் மட்டும் போதும். சேர்த்து இழுத்துவிடும்போது புகாரே பழிவாங்கல் போலத் தோன்றும்.

மனுவை எழுதுவது

கடிதமாக எழுதக் கூடாது. சிவில் நடைமுறைச் சட்டப்படி கையெழுத்திட்டு, சரிபார்ப்பு வாசகம் இணைத்த மனுவாக இருக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் விதிகளின் ஏழாம் பாகம் சொல்கிறது. தமிழிலேயே கொடுக்கலாம். மாநில மொழியில் புகார் ஏற்கப்படும். டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்குப் போக நேர்ந்தால் மொழிபெயர்ப்பது மாநில பார் கவுன்சிலின் பொறுப்பு. கட்டணத்தையும், எத்தனை படிகள் வேண்டும் என்பதையும் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். கட்டணம் இல்லாமலோ குறைகளோடோ போனால் செயலாளர் திருப்பிக் கேட்பார். அதில் வாரங்கள் போகும்.

உள்ளே இருக்க வேண்டியவை: உங்கள் முழு முகவரி, வக்கீலின் பெயர், பதிவு எண், அலுவலக முகவரி, அடிப்படை வழக்கின் எண், நீதிமன்றம், அதில் நீங்கள் யார், பிறகு எண்ணிட்ட பத்திகளில் சம்பவம். வழக்கின் வரலாற்றை ஒரு பத்திக்கு மேல் சொல்ல வேண்டாம். படிப்பவர் தேடுவது சொத்துத் தகராறு யார் பக்கம் நியாயம் என்பதை அல்ல. சம்பவப் பத்தி இப்படி இருக்கலாம் (இதில் எதிர்மனுதாரர் என்பது அந்த வக்கீல்):

"4. மேற்படி வழக்கில் எனக்காக வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்திருப்பது எதிர்மனுதாரருக்குத் தெரியும் (இணைப்பு 2). அவ்வாறிருக்க, ……… தேதி காலை சுமார் 11 மணிக்கு, நீதிமன்ற முதல் தளத்தின் வராந்தாவில், என் வழக்கறிஞர் உடனில்லாதபோது, எதிர்மனுதாரர் என்னிடம் '………' என்று கூறினார். அப்போது ……… என்பவர் உடனிருந்தார்; அவருடைய பிரமாணப் பத்திரம் இணைப்பு 3.

5. மேற்படி செயல் விதி 34-க்கு முரணானது. கூறிய சொற்களுக்கும் வழக்கின் பொருளுக்கும் தொடர்பில்லை."

முடிவில் சரிபார்ப்பு: "1 முதல் 5 வரையுள்ள பத்திகளில் கண்டவை என் சொந்த அறிவின்படி உண்மை, 6-ஆம் பத்தியில் கண்டவை எனக்குக் கிடைத்த தகவலின்படி உண்மையென நம்புகிறேன்." எல்லாப் பத்தியையும் "சொந்த அறிவு" என்று எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் "பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்" என்றால் புகார் அங்கேயே சாயும்.

கோரிக்கையில் நஷ்டஈடு கேட்காதீர்கள். 35-ஆம் பிரிவின்கீழ் கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் ஆகிய தண்டனைகள்தான் உண்டு. ஒரே ஒரு தடவை பேசிய பேச்சுக்குப் பெயர் நீக்கம் கேட்பது உங்கள் நிதானத்தைப் பற்றித்தான் சொல்லும். "சட்டப்படி உரிய நடவடிக்கை" என்று முடித்தால் போதும்.

மனுவின் நகலை முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். அதிகாரமுள்ள அமைப்பிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஊருக்கெல்லாம் அனுப்பியதற்கு அது பொருந்தாது.

கொடுத்த பிறகு

புகார் நேராக விசாரணைக்குப் போகாது. முதலில் பார் கவுன்சில், நடத்தைக்கேடு நடந்திருக்கும் என்று "நம்பக் காரணம்" இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனதைச் செலுத்தாமல் இயந்திரம்போல அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே குஜராத் பார் கவுன்சில் வழக்கில் சொல்லிவிட்டது. இந்தக் கட்டத்தில் உங்களிடம் கூடுதல் விவரமும், வக்கீலிடம் பதிலும் கேட்கலாம். கேட்ட தேதிக்குள் கொடுங்கள்.

அனுப்பப்பட்டால் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும்: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கும் அறிவிப்புப் போகும். ஆவணங்கள், பிரமாணப் பத்திரங்களைக் கொண்டே முடிவெடுக்கலாம் என்பது விதி; தேவைப்பட்டால் சிவில் வழக்குபோல வாய்மொழிச் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் நடக்கும். உங்களைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது அனுபவமுள்ள ஒருவர் என்பதை மனதில் வையுங்கள். நீங்களும் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஊரில் தொழில் செய்பவர் சக வக்கீலுக்கு எதிராக ஆஜராகத் தயங்குவார். வெளியூரில் தேடுவது நல்லது.

நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, அதுவும் கனமானது. பிழைப்பையே பறிக்கக்கூடிய நடவடிக்கை என்பதால் இதை ஓரளவு குற்ற வழக்கின் தன்மையுள்ளதாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. சந்தேகத்தின் பலன் வக்கீலுக்குப் போகும். சாட்சியில்லாத வராந்தாப் பேச்சு "நான் சொன்னேன், அவர் மறுத்தார்" என்ற அளவில் நின்றுவிடுவது இதனால்தான்.

வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் குழு ஒருதலைப்பட்சமாகத் தொடரலாம். அடிப்படை வழக்கில் சமரசமாகிவிட்டது, வாபஸ் வாங்குகிறேன் என்றாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் புகாரைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. "வழக்கை விட்டுக்கொடு, புகாரை விடுகிறேன்" என்று பேரம் பேச இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36-பி பிரிவின்படி, புகார் பெறப்பட்டதிலிருந்து ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் கோப்பு இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். இந்தக் காலக்கெடுவைப் பின்பற்றும்படி 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. புகார் பெறப்பட்ட தேதியுள்ள ஒப்புகையைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

புகாரோடு சேர்ந்தோ தனியாகவோ வேறு வழிகள்

மிரட்டலுக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351, வேண்டுமென்றே அவமதித்து அமைதியைக் குலைக்கத் தூண்டுவதற்கு 352, பெண்ணின் மானத்துக்கு இழுக்கான சொல்லுக்கு 79, அவதூறுக்கு 356 என்று பிரிவுகள் உண்டு. பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். அங்கே தாமதிக்காமல் காவல் நிலையம் போக வேண்டும், பார் கவுன்சில் பிறகு.

அவதூறு வழக்கில் ஒரு நுணுக்கம். நீதிமன்றத்தில் பேசியதற்குக் குற்றவியல் சட்டத்தில் முழுப் பாதுகாப்பு இல்லை. சட்டத்தில் எழுதியுள்ள விதிவிலக்குகள்தான் அளவு என்று 1926-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. ஆனால் வக்கீல் கட்சிக்காரருக்காகக் கேட்ட கேள்வி நல்லெண்ணத்தில் கேட்டது என்றே முதலில் கருதப்படும். தனிப்பட்ட வன்மம் இருந்ததை நீங்கள் காட்ட வேண்டும். முன்பகை எதுவும் இல்லாத வக்கீல்மீது இது லேசில் நிற்காது.

புகார் முதல் கட்டத்திலேயே மூடப்பட்டால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 48-ஏ பிரிவின்கீழ் இந்திய பார் கவுன்சிலிடம் சீராய்வு கேட்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துத் தள்ளினால் 37-ஆம் பிரிவின்கீழ் அங்கேயே மேல்முறையீடு. அதற்குமேல் 38-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம். இரண்டு மேல்முறையீட்டுக்கும் கெடு, உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். உத்தரவு வந்த தபால் உறையின்மேல் கிடைத்த தேதியை அன்றே எழுதி, கட்டோடு சேர்த்து வையுங்கள்.